எழுப்பும் பொத்தான்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் வெட்கமாக இருக்கும். வயல் வரப்பிலிருந்து வரவில்லை. மிட்டாயிலிருந்து வந்தது.

திருச்சியிலிருந்து மதுரை போகிற பஸ்ஸில் உட்கார்ந்து போனில் மிட்டாய் உடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே நிற மிட்டாய்களை வரிசையில் சேர்த்தால் உடையும். அவ்வளவுதான் அந்த விளையாட்டு. படிக்க வேண்டிய புத்தகம் பையில் இருந்தது, எழுத வேண்டிய கதை தலைக்கு மேல் தொங்கியது. ஆனாலும் உடைத்துக்கொண்டிருந்தேன். விராலிமலையில் பஸ் நின்றபோது என் உயிர் தீர்ந்துவிட்டது. ஒரு விளம்பரம் பார்த்தால் இன்னொரு உயிர் தருகிறோம் என்றது போன். பார்த்தேன். குக்கர் விளம்பரம். உயிர் வந்துவிட்டது.

நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில், ஏர் அவிழ்த்துவிட்ட ஒரு ஜோடி மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. காலையெல்லாம் உழுததில் அவற்றுக்கும் உயிர் தீர்ந்துதான் இருக்கும். ஆனால் யாரும் குக்கரைக் காட்டி எழுப்பவில்லை.

அதுதான் விதை. [‘விதை’யை அடித்துவிட வேண்டும். உழவுக் கதை என்றால் போதும், இந்த மாதிரிச் சொற்கள் அழைக்காமலே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கின்றன.]

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“கிழட்டு மயிலை அன்று காலை எழுந்திருக்கவில்லை. அதன் ஈரக் கண்களில்…”

வேண்டாம். தமிழ்க் கதைக்குள் ஒரு மாடு நுழைந்தாலே அதற்கு ஆயுள் கெட்டியில்லை என்று அர்த்தம். ஒன்று சாகும், அல்லது சந்தையில் விற்கப்பட்டு ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். என்னிடம் கதை கேட்ட பத்திரிகை ஆசிரியர்கூட, “பொங்கல் மலருக்குங்க. மாட்டுக் கதை. கடைசியில கொஞ்சம் கண்ணுல தண்ணி வரணும்” என்றுதான் சொன்னார். இந்தக் கதையில் மாடு சாகாது, விற்கப்படாது, காலும் ஒடியாது. நிம்மதியாகப் படியுங்கள்.

“திமில் சிலிர்த்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது…”

விராலிமலை இருப்பது புதுக்கோட்டை மாவட்டம் என்றதும் கை தானாக இதை எழுதிவிட்டது. தைமாதம் சீறிப் பாய்கிற காளைக்குக் கதை எழுத ஆள் நிறைய உண்டு. மற்ற மாதங்களில் வாய்க்கூடு மாட்டிக்கொண்டு சோளக்கொல்லைக்குள் குனிந்து நடக்கிற மாட்டைப் பற்றி எழுதினால், “சல்லிக்கட்டு எங்கே?” என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

“கார்த்திகா லேப்டாப்பை மூடிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனாள்.”

இது மட்டும் பிழைத்தது. அழகான வாக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவள் யார், எதற்காகப் போகிறாள் என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது.

3

கார்த்திகாவை நானே உண்டாக்கினேன். வல்லத்திராக்கோட்டையில் வீடு கொடுத்தேன். கேம் செய்கிற தொழில் கொடுத்தேன். திருச்சியில் ஒரு கம்பெனியில் யாரோ சொன்ன கேம்களுக்கு யாரோ சொன்ன நிறத்தில் புல் வரைந்துகொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, சொந்தமாக ஒரு கேம் செய்கிறாள். படம் வரைவது, ப்ரோகிராம் எழுதுவது, சத்தம் பதிவு செய்வது, பிழை திருத்துவது எல்லாம் அவளே. தூங்குவதற்கு மட்டும் வேறு ஆள் வைக்க முடிந்தால் வைத்திருப்பாள்.

எழுதிவிட்டு நானே அவளை நம்பவில்லை. ஊர்ப்பக்கத்துப் பெண் கதையில் ஆடு வளர்க்கலாம், மகளிர் குழுவில் ஊறுகாய் போடலாம், ஓடிப்போகலாம். கேம் செய்யலாமா? ஏன் செய்யக் கூடாது? காலேஜ் பஸ் ஒவ்வொரு ஊர் முக்கிலும் நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் எத்தனையோ வருடமாகிறது. தைலமரக் காட்டைத் தாண்டி இன்டர்நெட் கம்பி வந்துவிட்டது. ஊர் வந்து சேர்ந்த இடத்துக்குக் கதைதான் இன்னும் வந்து சேரவில்லை. சந்தேகத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அவளோடு நடந்தேன்.

அவள் கணவன் வசந்தகுமாருக்கு ஒரு ஜோடி மாடு. இடப்பக்கம் பூட்டுகிறது சாம்பல் நிற மயிலை, வலப்பக்கம் செம்மண் நிறச் செவலை. டிராக்டர் வந்த பிறகு உழவு மாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சோளமோ மிளகாயோ முழங்கால் உயரம் வந்த பிறகு வரிசைக்கு நடுவே களை மண்டிவிடும். அதற்குள் டிராக்டர் இறங்கினால் களையோடு செடியும் போகும். மாடு இறங்கினால் செடியை ஒதுங்கி, கால் வைக்கிற இடம் பார்த்து வைத்து, அந்தப் பக்கம் ஏறிவிடும். இதற்கு ஊடு உழவு என்று பெயர். பருவத்தில் வசந்தகுமாரின் ஜோடிக்கு இருக்கிற கிராக்கி ஊரில் மாப்பிள்ளைகளுக்குக்கூட இல்லை.*

* மாட்டை நான் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அது உழைக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். உழைக்க வேண்டும் என்று அது கேட்டதா என்றால், இல்லை. அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தக் கதையை எழுத முடியாது. கொஞ்சம் பொறுங்கள்.

கார்த்திகா தனக்குத்தானே ஒரு கெடு வைத்திருந்தாள். தை முடிவதற்குள் கேம் வெளியே வர வேண்டும், வந்து காலூன்ற வேண்டும். இல்லாவிட்டால் திருச்சிக்குத் திரும்புவது. பழைய மேனேஜர் இன்னும் போன் போட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுபடி அந்த நாற்காலி, மறுபடி யாரோ சொன்ன நிறத்தில் புல்.

4

கேமின் பெயர் ‘ஊடுழவு’. போன் திரையில் ஒரு சோளக்கொல்லை. ஒரு ஜோடி மாடு. திரையில் விரல் வைத்தால் கயிறு பிடித்த மாதிரி. வெடுக்கென்று இழுத்தால் மாடு குழம்பிச் செடியை மிதிக்கும். மெல்லப் பிடித்தால் வரிசைக்குள் அழகாகப் போகும். கொல்லை முனையில் திரும்பும்போது அதற்குரிய நேரம் எடுத்துக்கொள்ளும். அதை அவசரப்படுத்த எந்த வழியும் இல்லை.

வெயில் ஏறியதும் மாட்டின் நடை தளரும். அப்போது ஏரை அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்த்துவிட்டால் வேப்பமரத்தடிக்குப் போய்ப் படுத்து அசைபோடும். பிறகு மறுநாள் காலை வரைக்கும் உழ முடியாது. பார்த்துக்கொண்டிருக்கலாம். தாடை பக்கவாட்டில் அரைக்கும், காது ஈயை விரட்டும், தொண்டையில் ஒரு உருண்டை கீழிருந்து மேலே வரும். அந்த உருண்டையை வரைய கார்த்திகா பட்ட பாட்டில் வேறு ஆளாக இருந்தால் ஒரு வீடே கட்டியிருப்பார்.

“வெளையாட விடாத கேமை யாரு வாங்குவா?” என்று வசந்தகுமார் கேட்டான்.

“நீங்க உச்சி வெயில்ல மாடு பூட்டுவீங்களா?”

“நான் எதுக்குப் பூட்டுறேன்?”

“அப்ப அவங்க மட்டும் எதுக்குப் பூட்டணும்?”

தினமும் அவள் வேலையைச் சோதித்துப் பார்ப்பவன் அவன்தான். காலையில் நிஜமாடு ஓட்டிவிட்டு வந்து, சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் திரையில் மாடு ஓட்டுவான்.

5

லக்ஷ்மணன் என்பவரைக் கொண்டுவருகிறேன். முதல் பிரதியில் அவருக்குத் தங்க மோதிரமும் தொந்தியும் ஏளனச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். மூன்றையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் கேம்களை வெளியிடுகிற கம்பெனி நடத்துகிறவர். ஊருக்குச் சாமி கும்பிட வந்தவர், அவள் கம்பெனிக்கு அனுப்பியிருந்த கேம் மாதிரியைப் பார்த்துவிட்டு, காரை வல்லத்திராக்கோட்டைக்குத் திருப்பச் சொன்னார். கார்த்திகாவின் கேமை வெளி மனிதர்களில் முதலில் விரும்பியவர் அவர். அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

“கார்ல உழுதுக்கிட்டே வந்தேங்க” என்றார் வந்ததும். “திருமயம் தாண்டுறதுக்குள்ள மாடு தளந்துருச்சு, அவுத்துவிட்டுட்டேன். அப்பறம் படுத்துருக்கதையே பாத்துக்கிட்டு வந்தேன். கண்ண எடுக்க முடியலைங்க.”

கார்த்திகாவுக்குத் தலைகால் புரியவில்லை. “அப்ப அந்த எடம் பிடிச்சிருக்குங்களா சார்?”

“பிடிச்சிருக்காவா? அங்கதாங்க கடைய போடணும்.”

கடை என்றால் இதுதான். மாடு படுத்திருக்கிற படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு பொத்தான். ‘எழுப்பு’. அதை அமுக்கினால் ஒரு விளம்பரம் ஓடும். ஓடி முடிந்ததும் மாடுகள் இரண்டும் எழுந்து ஏருக்கு வந்துவிடும். அந்தப் பொத்தான் இருந்தால் அவருடைய கம்பெனி கேமை எடுத்துக்கொள்ளும், பத்து பாஷையில் வெளியிடும், கார்த்திகாவுக்குத் திருச்சி என்ற ஊரே மறந்துபோகும்.

கொட்டகையில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த வசந்தகுமார் எட்டிப் பார்த்தான். “விளம்பரத்த நாம பாத்தா, மாட்டுக்கு எப்படிங்க அலுப்பு தீரும்?”

லக்ஷ்மணன் வாய்விட்டுச் சிரித்தார். “இந்தக் கேள்விய ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அந்த தைரியத்துலதான் எங்க தொழிலே ஓடுது.”

“படுத்த மாட்ட எழுப்பக் கூடாதுங்க சார்” என்றாள் கார்த்திகா.

“நிஜ மாடு இல்லையேங்க.”

அவர் அதை மட்டம்தட்டிச் சொல்லவில்லை. குழந்தைக்குச் சமாதானம் சொல்கிற குரலில் சொன்னார். நிஜமாடு இல்லைதான். அவளே வரைந்தது. வலிக்க அதற்கு முதுகு கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் பொத்தானை வைத்து அனுப்புகிறேன் என்று சொல்லிக் கார்த்திகா அவரை வழியனுப்பிவிட்டாள்.

6

பொத்தான் சுலபமாக முடிந்துவிட்டது. எழுவதுதான் முடியவில்லை.

காலையில் மாடு எழுவதை அவள் ஏற்கெனவே வரைந்திருந்தாள். பின்னங்காலை முதலில் ஊன்றி, முன்னங்கால் மண்டியில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு முழுதாக எழுந்து முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கும். மயிலையைப் பார்த்துப் பார்த்து வரைந்தது. அதையே எடுத்து மத்தியானத்துக்குப் போட்டுப் பார்த்தாள். பொய்யாக இருந்தது. தூங்கி எழுந்த மாட்டின் சோம்பல் அது. விரட்டி எழுப்பிய மாட்டுக்கு எங்கிருந்து வரும்? அப்படியானால் அது எப்படித்தான் எழும்? அவளுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் அவிழ்த்துவிட்ட மாட்டை யாரும் எழுப்பியதே இல்லை.

பார்த்து வரைவதுதான் அவளுக்குப் பழக்கம். ஆகவே

கார்த்திகா லேப்டாப்பை மூடிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனாள்.

வசந்தகுமார் புதுக்கோட்டை போயிருந்தான். காலையில் மிளகாய்க் கொல்லை ஒன்றில் உழுதுவிட்டு வந்த மாடுகள் வேப்பமரத்தடியில் படுத்திருந்தன. நுகத்தடி பக்கத்தில் கொட்டகைத் தூணில் சாய்த்திருந்தது. போனை ஒரு கல்லின் மேல் நிறுத்தி, படம் பிடிக்க விட்டு, மயிலையின் முன்னால் போய் நின்றாள்.

இங்கே நான் முதலில் எழுதியது இது: “மயிலை அசையவில்லை. அவளை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வையில், ‘நீயுமா?’ என்று…”

நன்றாகத்தான் வந்தது. கைதட்டு நிச்சயம். மாடு மறுத்துவிட்டால் மனுஷிக்குப் புத்தி வந்துவிடும், எனக்கும் வேலை முடிந்துவிடும். ஆனால் பழக்கிய உழவுமாடு அப்படிச் செய்யாது. வசனம் பேச வேண்டியதை எல்லாம் மாட்டின் கண்ணில் ஏற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்வது எழுதுகிறவனுக்கு வசதி, அவ்வளவுதான். அடித்துவிட்டேன். நடந்தது இது.

“ஹை. எந்திரி” என்றாள்.

மயிலையின் தாடை நின்றது. வாயில் இருந்ததை விழுங்கியது. எழுந்தது. மண்டியில் நிற்கவில்லை, சோம்பல் முறிக்கவில்லை. நேராக நடந்து நுகத்தடி சாய்த்திருந்த இடத்துக்குப் போய், அதன் பக்கத்தில் தன் இடத்தில் நின்று, தலையைத் தாழ்த்திக் கழுத்தைக் கொடுத்தது. அது போனதைப் பார்த்துச் செவலையும் எழுந்து போய் வலப்பக்கம் நின்றது. உச்சி வெயிலில் இரண்டும் குனிந்து நின்றன, நடுவில் ஏர்க்காலுக்கு இடம் விட்டு.

கார்த்திகா ஓடிப்போய் போனை அணைத்தாள். கயிற்றைப் பிடித்து இரண்டையும் நிழலுக்கு இழுத்து வந்தாள். வந்தன. ஆனால் படுக்கவில்லை. “படு, படு” என்றாள். எழுப்புவதற்குச் சொல் இருக்கிறது, படுக்க வைக்கச் சொல் இல்லை. இரண்டும் நுகத்தடியையே பார்த்துக்கொண்டு நின்றன. அவள் அந்தக் கனத்த தடியைத் தனியாளாகத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் போட்டாள். திரும்பி வந்தாள். நின்றுகொண்டே இருந்தன. தவிட்டுத் தண்ணீர் வைத்தாள். குடித்துவிட்டு நின்றன.

வசந்தகுமார் வந்து பைக்கை நிறுத்தினான். “என்ன கார்த்தி, மாடு நிக்குது?”

“எழுப்பிட்டேங்க.”

“எதுக்கு?”

“எந்திரிக்கிறத வரையணும்ல. படம் புடிக்கலாம்னு.”

“நுகத்தடி எங்க?”

“வீட்டுக்குப் பின்னால கெடக்கு. அதப் பாத்துக்கிட்டே நின்னுச்சுக.”

சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்து அடங்கினான். கயிற்றைத் தொடப் போனான். அவள் தடுத்தாள். “நாம நின்னா அதுகளும் நிக்கும். நீங்க படுங்க.”

“நானா? வெள்ளச் சட்டடி இது.”

“படுங்கங்கிறேன்.”

டவுனுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையோடு அவன் செம்மண்ணில் மல்லாந்து படுத்தான். பக்கத்தில் அவளும் படுத்தாள். யாராவது பார்த்திருந்தால் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

“நிஜ மாட்ட எழுப்புனது தப்புதான்” என்றான் வசந்தகுமார் வானத்தைப் பார்த்து. “ஆனா அது படந்தானே? அவரு கேட்டதப் போட்டுக் குடுத்துரு. நீ திருச்சிக்குப் போயிட்டா நான் யாருகூடச் சண்ட போடுறது?”

கொஞ்ச நேரம் கழித்துச் செவலை படுத்தது. அதற்கும் ரொம்ப நேரம் கழித்து மயிலை முன்னங்காலை மடக்கியது. அதன் தொண்டையில் உருண்டை மேலே ஏறி, தாடை ஒரு பக்கமாக அரைக்க ஆரம்பித்த பிறகுதான் கார்த்திகா மூச்சு விட்டாள்.

7

இந்த இடத்தில் அவள் அழுவதாக எழுத வேண்டும். ஆசிரியர் கேட்ட கண்ணீருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. “கார்த்திகாவின் கண்கள்” என்று எழுதியும்விட்டேன்.

அப்புறம் பேனா நின்றுவிட்டது. நிஜப் பெண் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நான் சொன்னால் எழுவாள், நான் சொன்ன காட்சிக்குள் போய் நிற்பாள், அழு என்றால் அழுவாள். மாட்டைப் போலவே மறுக்கத் தெரியாதவள். ஏற்கெனவே உச்சி வெயிலில் நுகத்தடி இழுக்க வைத்தாயிற்று. போதும் என்று தோன்றியது.

அவள் அழவில்லை. எழுந்து சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடச் சொன்ன புருஷனிடம், “நீங்களே தட்டிக்கங்க” என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து அந்தப் பொத்தானை அழித்தாள்.

8

வெள்ளிக்கிழமை லக்ஷ்மணனுக்கு அவளே போன் செய்தாள்.

“சார், பொத்தான் வேண்டாங்க.”

“ஏங்க? வரைய வரலையா? நம்ம ஆளுங்கள விட்டு வரையச் சொல்றேன்.”

“வரைய வரும் சார். எழுப்பிப் பாத்துட்டேன்.”

“எந்திரிக்க மாட்டேன்னுருச்சாக்கும்?”

“எந்திரிச்சுருச்சுங்க சார். ஒடனே எந்திரிச்சு வந்து கழுத்தக் குடுத்துச்சு. அதனாலதான் வேண்டாங்குறேன்.”

மறுமுனையில் ஏதோ காரின் ஹாரன் கேட்டது.

“நிஜ மாடு இல்லையேங்க” என்றார் மறுபடி. இந்தத் தடவை குரலில் பழைய தெம்பு இல்லை.

“மாடு நிஜமில்லைங்க. எழுப்புறவங்க நிஜந்தானேங்க சார்? தெனமும் படுத்தத எழுப்பி எழுப்பி அவங்க கைக்குப் பழகிரும். அந்தப் பழக்கத்த நான் பண்ணித்தர மாட்டேன்.”

இந்தப் பதிலை நான் எழுதிக் கொடுக்கவில்லை. அதாவது, நான்தான் எழுதினேன், ஆனால் போன வாரம் வரை இப்படி ஒரு பதில் எனக்குத் தெரியாது. அவளைக் காட்சிக்குள் விரட்டாமல் சும்மா விட்டதும் தானாகச் சொன்னாள்.

“அப்ப எங்களால போட முடியாதுங்க” என்றார் லக்ஷ்மணன். “எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. நான் அந்த மாதிரிய அழிக்கலாமா, வச்சுக்கலாமா?”

“வச்சுக்கங்க சார்.”

9

தை முடிவதற்குள் அவளே தனியாக வெளியிட்டாள். ஒரு பொத்தானை அமுக்குவதுதான். மேளம் இல்லை, வெடி இல்லை. வசந்தகுமார் மட்டும் மயிலைக்கும் செவலைக்கும் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தான்.

முதலில் வந்த மூன்று கருத்துகளும் திட்டு. “விளையாடவே விடமாட்டேங்குது.” “மாடு தூங்குறதைப் பார்க்கவா காசு குடுத்து டவுன்லோட் பண்ணேன்?” “ஒரு ஸ்டார்கூட அதிகம்.” கார்த்திகா திருச்சிக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளை மனதுக்குள் மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

பிறகு யாரோ ஒருவர் இன்டர்நெட்டில் ஒரு படம் போட்டார். ஆபீஸ் மேஜை, டிபன் டப்பாவில் சாய்த்து வைத்த போன், அதில் இரண்டு மாடுகள். “வேலை முடியும் வரைக்கும் இப்படியே வைத்திருக்கிறேன்” என்று மட்டும் எழுதியிருந்தது. அடுத்து கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒருவர். விசைப்படகின் சுக்கான் பக்கத்தில் போன், பின்னால் கடல், திரையில் செவலை காதை ஆட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் தையல் மிஷின் மேல். ஆஸ்பத்திரிக் கட்டிலில். சமையல் மேடையில் உப்பு ஜாடி ஓரம். பேர் தெரியாத தேசத்தில் பனி பெய்கிற ஜன்னலோரம். காலையில் ஒழுங்காக உழுதுவிட்டு, அவிழ்த்துவிட்டு, நாள் முழுக்க அசைபோடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடை போட வேண்டிய இடம் என்று லக்ஷ்மணன் சரியாகத்தான் சொன்னார். அங்கே கடை இல்லாததால்தான் கூட்டம் வந்தது.

எத்தனை பேர், எவ்வளவு வந்தது என்று கேட்காதீர்கள். மேனேஜர் கூப்பிட்டபோது, “இனிமே வர்றதா இல்ல சார், வேற ஆளப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு, போனை வைத்தபின் கொட்டகைக்குள் போய் ஒரு ஆட்டம் போடுகிற அளவுக்கு வந்தது. அந்த ஆட்டத்தை மயிலையும் செவலையும் மட்டும் பார்த்தன. நானும் பார்த்தேன். விவரிக்க மாட்டேன்.

“நம்ம மாட்ட ஒலகமே கட்டி வச்சிருக்கு” என்றான் வசந்தகுமார். “சாணி அள்ளுறதுக்கு மட்டும் நான் ஒருத்தன்.”

10

[பத்திரிகை ஆசிரியர்: “நல்லாருக்குங்க. கண்ணீர் எங்க?” நான்: “வரலைங்க.” ஆசிரியர்: “முடிவாவது…” நான்: “எழுதிக்கிட்டிருக்கேன்.”]

முடிவுக்கு நிறைய வழி இருந்தது. லக்ஷ்மணன் மாலையோடு திரும்பி வரலாம். விருது மேடையில் கார்த்திகா மைக் பிடிக்கலாம். இரண்டையும் பாதி எழுதிவிட்டு விட்டேன். மேடை அவளுக்கு ஒத்துவராது, மாலை போட்டால் லக்ஷ்மணனுக்கு வெட்கமாகிவிடும். எனக்குப் பிடித்தது ஒரு ஜெராக்ஸ் கடை.

புதுக்கோட்டையில் ஏதோ சான்றிதழை நகல் எடுக்கப் போயிருந்தாள் கார்த்திகா. கடைக்காரம்மா சந்தனமேரி, கையில் காகிதக் கட்டோடு மிஷினுக்கும் கல்லாவுக்கும் பறந்துகொண்டிருந்தார். கல்லாப் பக்கத்தில் ஸ்டேப்ளரில் சாய்த்து ஒரு போன். அதில் மயிலையும் செவலையும் படுத்திருந்தன.

தன் மாட்டை அடுத்தவர் கடையில் கார்த்திகா நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். உடனே ஒரு பிழை கண்ணில் பட்டது. செவலையின் வால் வேப்பமரத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்துகொண்டிருந்தது. எந்த போனில் இப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டும். தொழில் புத்தி, யோசிக்காமல் விரலைத் திரையை நோக்கி நீட்டிவிட்டாள்.

பளீரென்று கையில் ஒரு அடி விழுந்தது.

“ஏம்மா! கைய எடும்மா! படுத்துருக்குது தெரியல?”

“இல்லக்கா, சும்மா…”

“என்ன சும்மா? காலையிலேர்ந்து பாடுபட்டுட்டு இப்பத்தான் சாஞ்சுதுக. போன் பூராம் நோண்டுறதுக்குத்தான் இருக்கே, இதையாச்சும் விடேம்மா.”

கார்த்திகா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எரிந்தது. “எழுப்புறதுக்கு வழியே இல்லையாக்கா?”

“இல்லம்மா. அதுதான் இதுல சங்கதியே.” சந்தனமேரி அடுத்த தாளை மிஷினில் வைத்து மூடினார். “எழுப்பலாம்னு ஒண்ணு இருந்துச்சுன்னா நான் எழுப்பிருவேன். நாலு தரம் எழுப்புவேன். என் புத்தி எனக்குத் தெரியாதா? எவளோ ஒருத்தி அத நல்லாத் தெரிஞ்சுக்கிட்டு, வழியே வைக்காமப் பண்ணிருக்கா பாரு. அவ நல்லாருக்கணும்.”

நகல் வந்துவிட்டது. இனி என் வேலை இல்லை. “அந்த எவளோ நான்தான்க்கா” என்று கார்த்திகா சொன்னாளா? சொன்னால் சந்தனமேரி கடையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவையே கூப்பிட்டிருப்பார். அடித்த கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகூட இருப்பார், ஆசிரியருக்கும் கண்ணீர் கிடைத்திருக்கும். சொல்லாமலே வந்திருக்கவும் கூடும். வால் மரத்துக்குள் போவதைச் சரிசெய்து, மறுநாள் அந்தக் கடை போனில் மட்டும் தெரிகிற மாதிரி கேமில் ஏதாவது சேர்த்திருக்கவும் கூடும். உங்களுக்கு எது தோதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

அந்த அடியை மட்டும் யாரும் மாற்றக் கூடாது. அது அவளுக்கு விழுந்தது, வலது கையில், விரல் பதிகிற மாதிரி. பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் கார்த்திகா அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள். பக்கத்து சீட்டில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்கு மாறிவிட்டார்.